தெரியுதா அண்ணனும் நடுப்பெட்டியும்

டிவியைக் கண்டுபிடித்தது யாரோ ஒரு வெள்ளைக்காரன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். டயகமப் பக்கத்தில் அதைக் கண்டுபிடித்தவர் தெரியுதா அண்ணன்தான். அவர் ஒருவர் இல்லாமல் போயிருந்தால், எங்கள் லயத்தில், அதுதான் தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், டிவி என்பது பூப்போட்ட துணி விரித்து அதன்மேல் சாமிப் படம் வைக்கிற மரப்பெட்டியாகவே கடைசிவரை இருந்திருக்கும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹட்டனில் இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தப் பத்திரிகை ஹட்டனுக்கு வெளியேயும் போகிறது என்று கேள்விப்பட்டேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. மரக்கறி லொறியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு டயகமவை விட்டு இறங்கியவன். இன்றைக்கு என் பெயர் எழுதிய லொறிகள் நானுஓயாவிலிருந்து கொழும்புவரை ஓடுகின்றன. பட்டம் வாங்கியவர்கள் என் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் உள்ளே போனால் எழுந்து நிற்கிறார்கள். ஊரே முதலாளி என்று கூப்பிடுகிற என்னை, "டேய் தம்பி, அந்தக் கொறட்ட எடு" என்று சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் லயத்தில் யாருக்கும் தெரியாது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள்கூட உறையின்மேல் "தெரியுதா அண்ணன் குடும்பத்தினர்" என்றுதான் எழுதுவார்கள். அவரும் அதை மரியாதையாக வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள்வார். தேயிலைத் தொழிற்சாலையில் மெஷினுக்கு எண்ணெய் விடுகிற வேலை. அது சம்பளத்துக்கு. பிறந்தது டிவிக்கு ஏரியல் கட்டுவதற்காக என்று அவரே சொல்லுவார். வெயிலோ மழையோ, காதையும் மூடுகிற கம்பளித் தொப்பி ஒன்று தலையில் இருக்கும். குளிருக்காக என்று நினைக்காதீர்கள். தலை நனைந்தால் சிக்னல் பிடிக்கிற மூளை மந்தமாகிவிடும் என்பது அவர் கட்சி. தொப்பியில்லாமல் அவரை அவர் மனைவி பார்த்திருக்கலாம். வேறு யாரும் பார்த்ததில்லை.

எங்கள் லயம் பள்ளத்துக்குள் இருந்தது. மின்சாரம் கிடையாது. கார் பட்டரியை டவுனுக்குத் தூக்கிப்போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து டிவி பார்த்த காலம். பள்ளத்தில் ஏரியல் கட்டினால் அதில் காக்கை உட்காரும், படம் வராது. ஆகவே அண்ணன் ஏரியலை மலை உச்சியில், தேயிலை முடிகிற இடத்தில், பெரிய பைப்பு ஒன்றில் நட்டார். அங்கிருந்து தேயிலைச் செடிகளுக்கு நடுவே வயர் லயத்துக்கு இறங்கி வரும்.

சிக்கல் என்னவென்றால், உச்சியில் நின்று பைப்பைத் திருப்புகிறவருக்கு லயத்தில் படம் தெரிகிறதா என்று தெரியாது. கத்தினாலும் கேட்காது. அதற்கு அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். உச்சியிலிருந்து லயம்வரை ஆட்களை நிறுத்திவிடுவார், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களம் மாதிரி. அவர் மேலே பைப்பைக் கொஞ்சம் திருப்பி "தெரியுதா?" என்பார். அடுத்தவன் "தெரியுதா?" என்பான். அப்படியே ஒவ்வொரு வாயாக இறங்கி, கடைசியில் டிவிக்கு முன்னால் இருக்கிறவர்களிடம் போய்ச் சேரும். "தெரியல" என்று அவர்கள் சொல்வது அதே வழியில் ஏறி வரும். ஒரு "தெரியுதா" இறங்கி ஒரு "தெரியல" ஏறுவதற்குள் மூடுபனி வந்து, மலையை மூடி, திறந்து, போய்விடும்.

வரிசையில் நிற்கிறவர்கள் குடை பிடிக்கக் கூடாது. "கொடைய மடக்குடா. கம்பி அவன இழுத்துக்கும்" என்பார். அவன் என்றால் படம். அண்ணனுக்குப் படம் என்பது தூரத்திலிருந்து மலை மலையாக நடந்து வருகிற ஒரு விருந்தாளி. களைத்துப்போய் வருவான், இரும்பைக் கண்டால் சாய்ந்து நின்றுவிடுவான், மூடுபனியில் வழி தவறுவான். ஒரு கல்யாண வீட்டில் எல்லோரும் டிவி பார்க்கட்டும் என்று அண்ணனைக் கூப்பிட்டிருந்தார்கள். படம் ஆடியது. அண்ணன் சுற்றிலும் பார்த்துவிட்டு, மணப்பெண்ணிடம் போய், "தாயி, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போய் ஒக்காரு. ஒன் நகையெல்லாம் அவன அப்புடியே உறிஞ்சுது" என்றார். பெண்ணின் அம்மா பதறிப்போய், "அது கவரிங்தானே அண்ணே, அது எப்புடி இழுக்கும்?" என்று மாப்பிள்ளை வீட்டார் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். அன்றைக்குப் படம் வரவில்லை. ஆனால் அதைவிட நல்ல காட்சியெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினோம்.

வரிசையில் நடு ஆளாக முதலில் நின்றவர் முனியாண்டி மாமா. நல்ல மனுஷன்தான், அட்டைக்கடி மட்டும் தாங்கமாட்டார். ஒரு நாள் மழையில் நின்று நின்று, காலில் அட்டை ஏறி, வெறுத்துப்போய் அவர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். மேலிருந்து "தெரியுதா" வந்ததும், கீழே கேட்காமலேயே "தெரியுது" என்று தானே பதில் அனுப்பிவிட்டார். அண்ணன் பைப்பை இறுக்கிக் கட்டிவிட்டு, ஜெயித்த மனுஷன் மாதிரி இறங்கி வந்தார். லயத்தில் எல்லோரும் புள்ளி புள்ளியாக இரைகிற டிவியைப் பார்த்துக்கொண்டு, வரப்போகிறது வரப்போகிறது என்று உட்கார்ந்திருந்தார்கள்.

"தெரியுதுன்னு சொன்னது யாருடா?"

எல்லோரும் முனியாண்டி மாமாவைப் பார்த்தார்கள். மாமா காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"மேல நிக்கிறவன் குருடனா இருந்தாலும் பரவால்ல. கீழ நிக்கிறவன் செவிடனா இருந்தாலும் பரவால்ல. நடுவுல நிக்கிறவன் மட்டும் யோக்கியனா இருக்கணும்" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு வரிசை முழுவதையும் ஒரு பார்வை பார்த்து, "டேய் தம்பி, நீ நடுவுக்கு வா" என்றார். என்னைத்தான். மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. எனக்கு எத்தனையோ மாலை போட்டிருக்கிறார்கள், பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நான் நடுவுக்கு வந்ததும் படம் வரத் தொடங்கியது. கடலுக்கு அக்கரையில், இந்தியாவிலிருந்து வருகிற ஞாயிற்றுக்கிழமைச் சினிமா எங்கள் பள்ளத்துக்குள் இறங்கியது. ஒரு ஞாயிறு, நல்ல மழை. அண்ணன் உச்சியில் பைப்பைத் திருப்பிக்கொண்டிருந்தார். "தெரியுதா?" அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினேன். வரவில்லை. எனக்குக் கீழே நின்றவனை எட்டிப் பார்த்தால் ஆளே இல்லை. கீழே போய்ப் பார்த்தேன். படம் கண்ணாடி மாதிரி தெரிகிறது, வரிசையில் நின்றவனெல்லாம் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அழுகிற இடம் வேறு. நானும் உட்கார்ந்தேன். எனக்கு மேலே நின்றவர்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். என்னை யாரும் குறை சொல்ல முடியாது. கீழிருந்து பதில் வந்தால்தானே நடுவில் இருக்கிறவன் மேலே அனுப்ப முடியும்?

படம் முடிந்து எழுந்த பிறகுதான் அண்ணனின் நினைவு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம். அதே இடத்தில், மழையில் ஊறி, பைப்பைக் கட்டிப்பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். பதில் வராமல் கையை எடுத்தால் இருக்கிற படமும் போய்விடுமே என்று நின்றாராம்.

"தெரிஞ்சிச்சா?" என்றார்.

"தெரிஞ்சிச்சு அண்ணே."

"எப்புடி, நல்ல படமா?"

எங்கள் தோட்டத்தில் எல்லோரும் எல்லாப் படமும் பார்த்தார்கள். படத்தைக் கொண்டுவந்த மனுஷன் எதையும் முழுசாகப் பார்த்ததில்லை. அவர் கை எப்போதும் பைப்பில்தான் இருந்தது.

பிறகு காலம் மாறியது. வீட்டுக்கு வீடு டிஷ் வந்தது. அண்ணன் அதைச் சாப்பாட்டுத் தட்டு என்றுதான் சொல்வார். "அவன் தட்டுல வந்து விழுறான், ரெண்டு தூறல் போட்டா கழுவிக்கிட்டுப் போறான்" என்பார். பென்ஷன் வாங்கி, மகளோடு வட்டவளைக்கு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஹட்டனுக்கு என் வீட்டுக்கு வருவார். வந்ததும் உட்காரமாட்டார். என் டிவிக்குப் பின்னால் கையை விட்டு வயரை ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் தேநீரைக் கையில் எடுப்பார்.

என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரிவில் கட்டிய வீடு. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மாடிபோலத்தான் தெரியும். உள்ளே வந்து இறங்கினால் ஒரு தட்டு, இன்னும் இறங்கினால் இன்னொரு தட்டு. அடித்தட்டில்தான் சமையலறை. செங்கல் போதும் என்று எஞ்சினியர் சொன்னார். நான் கருங்கல் என்றேன். சுவரின் தடிப்பைப் பார்த்து, "முதலாளி, வீடா கோட்டையா?" என்று மேசன்மார் கேட்டார்கள். எவ்வளவு மண் சரிந்தாலும் அந்த வீடு அசையாது. காற்று புகாது. வைஃபையும் புகவில்லை.

இன்டர்நெட் ரோட்டுமட்டத்து ஹாலோடு நின்றுவிட்டது. எனக்கு அதனால் ஒன்றும் குறையில்லை. குறை என் வீட்டுக்காரி லெட்சுமிக்கு.

எங்கள் மகன் சுரேஷ் கட்டாரில் கிரேன் ஓட்டுகிறான். என்னிடம் இத்தனை லொறி இருக்க அங்கே போய் ஏன் கிரேன் ஓட்டுகிறாய் என்று கேட்டால், உங்கள் லொறி உங்களுக்கு, என் கிரேன் எனக்கு என்கிறான். என் பிள்ளை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வீடியோவில் கூப்பிடுவான். அவனுக்கு மதியம் என்றால் இங்கே பின்னேரம் ஆகிவிடும். லெட்சுமி அதுவரை சாப்பிடாமல் இருப்பாள். அவன் அங்கே காய்ந்த ரொட்டியைப் பிட்டுக்கொண்டு, "அம்மா, கறிச்சட்டியக் காட்டுங்க" என்பான். இவள் சட்டியைச் சாய்த்துக் காட்டுவாள். அவன் சட்டியைப் பார்த்துக்கொண்டே ரொட்டியை விழுங்குவான். இவளும் அவனோடு சாப்பிடுவாள். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் யாரும் குறுக்கே பேச முடியாது, நான்கூட.

ஆக, வைஃபை இருக்கிற ஹாலுக்கு, அடித்தட்டிலிருந்து இரண்டு மாடி, சூடான கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு லெட்சுமி ஏறுவாள். ஒரு நாள் நெத்தலிக் குழம்போடு வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை, முழங்கால் வீங்கிவிட்டது. இனிமேல் படியே ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து மகனோடு பேசினேன்.

"அம்மா எங்கப்பா?"

"கீழ இருக்கா. என்ன சமையல்னு என்கிட்ட கேளு."

"நீங்க சொன்னா பசிக்காதுப்பா" என்று வைத்துவிட்டான்.

அடுத்த நாள் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் கூப்பிடவில்லை. லெட்சுமி சமைத்து மூடி வைத்துவிட்டு, அடுப்புக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா நான்?

டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணனிடம், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவரிடம் போய், கடையிலேயே பெரியதைக் கொடுங்கள் என்றேன். எட்டுக் கொம்பு முளைத்த ரவுட்டர் ஒன்றைக் கொடுத்தார். ஹாலில் வைத்தபோது பார்க்கக் கம்பீரமாக இருந்தது. ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் வைஃபை கிடைத்தது. எதிர் வீட்டுக்காரர்கள் நன்றி சொன்னார்கள். சமையலறைக்கு மட்டும் வரவில்லை.

திரும்பப் போனேன். "மொதலாளி, கருங்கல் செவருக்குக் கொம்பு கூடினா சரிவராது. ஒங்களுக்கு மெஷ்தான்" என்றார் நானா. ஒன்றுக்கு ஒன்று கை கொடுக்கிற பெட்டிகளாம். ஒன்றை மேலே வைத்தால், அது அடுத்ததுக்குச் சொல்லும், அடுத்தது அதற்கடுத்ததுக்குச் சொல்லும். "மூணு பொட்டி செட்டு ஈக்கி. படிக்கட்டுல ஒண்டு வெய்க்கணும்" என்றார். படிக்கட்டில் யார் வைஃபை பார்க்கப்போகிறார்கள்? நான் வியாபாரி, தேவையில்லாததை வாங்கமாட்டேன். இரண்டு பெட்டி செட்டை வாங்கினேன். ஒன்றை ஹாலில் வைத்தேன். ஒன்றை நேராகச் சமையலறையில், லெட்சுமியின் மிளகாய்த்தூள் டின்னுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவளுடைய போனில் வைஃபைக் கோடு முழுசாக ஏறியது. மகனைக் கூப்பிட வைத்தேன். முகம் வந்தது. வந்த முகம் அப்படியே நின்றது.

"என்னாங்க, புள்ள வாயத் தொறந்தபடியே நிக்கிதுங்க" என்றாள் லெட்சுமி.

"கோடு முழுசா இருக்குதானே?"

"கோடு இருக்கு. புள்ள அசையல."

அந்த ஞாயிறு அண்ணன் வந்தார். வழக்கம்போல டிவிக்குப் பின்னால் கையை விட்டுவிட்டு, பிறகு கீழே இறங்கி வந்து பெட்டியைக் கண்டார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டார், முகர்ந்து பார்த்தார். லெட்சுமியின் போனை வாங்கி அந்த முழுக் கோட்டைக் கண்ணுக்குக் கிட்ட வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து,

"இது முனியாண்டி பொட்டிடா" என்றார்.

"என்னாண்ணே?"

"மேல கேக்காமலே தெரியுதுன்னு பதில் சொல்லுது. அவனுக்கு மேல இருந்து ஒண்ணுமே காதுல விழல. ஆனா தங்கச்சிகிட்ட, எல்லாம் இருக்கு, முழுசா இருக்குன்னு சொல்றான்."

மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு நானாவின் கடைக்குப் போனார். மலையகத்தில் மெஷ் வைஃபையை அப்படி யாரும் வாங்கியிருக்கமாட்டார்கள். விலை கேட்கவில்லை, வேகம் கேட்கவில்லை. மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு, "நடுவுல நிக்கிற பொட்டி யோக்கியனா?" என்று கேட்டார்.

நானா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அண்ணன், எல்லாம் கம்பனி சாமான்" என்றார் நானா.

"கம்பனிய விடுங்க. நடுவுல நிக்கிறவன் கீழ கத்துறப்ப, மேல சொல்றது அவன் காதுல விழாது. நாங்க மலையில பட்ட பாடு. இவன் எப்புடி?"

நானாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவரிடம் இதுவரை யாரும் சரியான கேள்வி கேட்கவில்லை போலிருக்கிறது. "அதுக்குத்தான் இந்த மத்த செட்டு. இது பொட்டியும் பொட்டியும் பேசிக்கொள்ற வழி தனி. போனுக்குக் குடுக்கிற வழி தனி. ஒண்டுல ஒண்டு முட்டாது."

"வாய் ஒண்ணு, காது ஒண்ணு."

"அப்பிடித்தான்."

"அப்ப ஆறு பொட்டி குடுங்க" என்றேன் நான். எனக்கு எதிலும் குறை வைக்கப் பிடிக்காது.

"அடங்குடா" என்றார் அண்ணன். "ஆள் கூடினா பேச்சு பிந்தும். மூணு."

மூன்று பெட்டி வந்தது. அதை அப்படியே வைத்துவிட்டுப் போகிறவரா அண்ணன்? வீட்டில் பெரட்டு வைத்தார். ஹாலில் அவர். படி தொடங்கும் இடத்தில் என் சிங்கள டிரைவர் பண்டார. படி திரும்பும் மேடையில் நான், கையில் நடுப்பெட்டியோடு. அதற்கு நீளமான கரண்ட் வயர் இழுத்திருந்தோம். சமையலறை வாசலில் மூன்றாம் பெட்டியும் லெட்சுமியும். எல்லோர் கையிலும் போன் இருந்தது. ஒருவரோடு ஒருவர் போனில் பேசக் கூடாது, வாயால்தான்.

முதலில் அவர் சொன்னதெல்லாம் பிழை. லெட்சுமியை வளையலைக் கழற்றச் சொன்னார். கழற்றினாள், ஒன்றும் நடக்கவில்லை. இது கவரிங் இல்லை அண்ணே என்று நான் சொல்லி வைத்தேன். பெட்டியின் முகத்தை உச்சி மலைப் பக்கம் திருப்பச் சொன்னார். நானா போனில், "அதுக்கு முகமே இல்ல அண்ணன், எல்லாப் பக்கமும் ஒண்டுதான்" என்றார். மேல் பெட்டியைக் கூரைக்குமேல் தண்ணீர் டாங்கியில் ஏற்றினார். "தண்ணி ஈக்கிற எடத்துல வெய்க்கவே வேணாம்" என்று நானா கத்தினார். இறக்கினார். "இந்த வைஃபைக்காரனுக்கு மலையேறத் தெரியும், எறங்கித்தான் பழக்கமில்ல" என்று சொல்லி மெல்ல மெல்ல என்னைப் படி மாற்றிப் படி நிற்க வைத்தார்.

"தெரியுதா?" என்றார் மேலிருந்து.

"தெரியுதா கேக்குறாங்க மொதலாளி" என்றான் பண்டார.

"தெரியுதா?" என்றேன் நான்.

"தெரியலீங்க" என்றாள் லெட்சுமி.

இப்படி எத்தனை தரம் என்று கேட்காதீர்கள். கடைசியில் படி மேடையில், சுவர் ஓரமாக, கையைத் தலைக்குமேல் தூக்கியபோது பெட்டியில் பச்சை விளக்கு நிலைத்தது. மேலேயும் கேட்கிறது, கீழேயும் கேட்கிறது, அப்படியொரு இடம். ஆனால் அந்த இடத்தில்தான் என் சமாதான நீதவான் சான்றிதழ், தேக்குச் சட்டத்தில், தனி விளக்குப் போட்டு மாட்டியிருந்தது. வீட்டுக்கு வருகிற எவரும் அதைப் பார்க்காமல் இறங்க முடியாது. அதற்காகத்தான் அங்கே மாட்டினேன்.

"அதக் கழட்டு" என்றார் அண்ணன், மேலிருந்து எட்டிப் பார்த்து.

"அண்ணே, அது அரசாங்கம் குடுத்தது."

"அரசாங்கம் நடுவுல நின்னா சேதி போகாது. கழட்டு."

பண்டார சிரித்ததை நான் பார்த்தேன். வேறு நாளாக இருந்தால் அவனுக்கு வேலை போயிருக்கும். கீழே லெட்சுமி சமையலறை வாசலில், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். கழற்றினேன். அந்த ஆணியிலேயே பெட்டியை மாட்டினோம்.

மகனின் சாப்பாட்டு நேரம் வந்தது. போன் அடித்தது. முகம் வந்தது. அசைந்தது.

"அம்மா."

"சாப்புட்டியாப்பா?"

"இப்பத்தான் ஒக்காந்தேன். சட்டியக் காட்டுங்க."

பலாக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு. அவள் சட்டியைச் சாய்த்தாள். அவன் பார்த்தான். "ஐயோ அம்மா" என்று ரொட்டியைப் பிட்டான். நான் என் இடத்தை விட்டு இறங்கிச் சமையலறைக்கு வந்துவிட்டேன். பண்டாரவும் எனக்குப் பின்னாலேயே வந்து, சட்டிக்குள் ஒரு பார்வையும் போனுக்குள் ஒரு பார்வையுமாக நின்றான். லெட்சுமி தட்டில் சோற்றைப் போட்டு, வெகுநாளைக்கு அப்புறம் மகனோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். கிரேன் எவ்வளவு உயரம் என்று நான் கேட்டேன். மகன் சட்டியை இன்னும் கொஞ்சம் சாய்க்கச் சொன்னான்.

அப்போது லெட்சுமி வாய்க்குப் போன கையை நிறுத்தினாள்.

"என்னாங்க, மேல அண்ணன் கேட்டுக்கிட்டே இருக்காருங்க."

காதைக் கொடுத்தேன். கருங்கல் சுவரைத் தாண்டி, வெகு தூரத்திலிருந்து வருவதுபோல, "தெரியுதா?" என்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "தெரியுதா?"

இரண்டு மாடியும் நானே ஏறினேன். ஹாலில் அண்ணன் முதல் பெட்டிமேல் கையை வைத்தபடி, அசையாமல், கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். பைப்பைப் பிடித்து நின்ற அதே நிலை. மழை மட்டும்தான் இல்லை.

"தெரியுது அண்ணே" என்றேன்.

"நல்லா?"

"நல்லாத் தெரியுது. கைய எடுங்க."

"எடுத்தா போயிருவான்டா."

"போகமாட்டான். வாங்க, கீழ வந்து பாருங்க."

ஒவ்வொரு விரலாக எடுத்தார். எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். சமையலறையில் லெட்சுமி போனை அவர் பக்கம் திருப்பினாள். அங்கே மகன் ரொட்டி மெல்லுவதை அண்ணன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். படம் முழுசாக ஓடியது, நிற்கவில்லை, புள்ளி விழவில்லை.

"நான் தெரியிறேனாப்பா?" என்று கேட்டார்.

"நல்லாத் தெரியிறீங்க பெரியப்பா. தொப்பியக் கழட்டுங்க, முகத்தப் பாப்போம்."

அண்ணன் எங்களைப் பார்த்தார். பிறகு மெல்லத் தொப்பியைக் கழற்றினார். உள்ளே, தும்பைப்பூ மாதிரி வெள்ளை முடி, வகிடு எடுத்து, எண்ணெய் வைத்து, படிய வாரியிருந்தது. அத்தனை வருஷமும் யாரும் பார்க்காத தலையை அவர் தினமும் சீவிக்கொண்டுதான் வந்திருக்கிறார். லெட்சுமி அவருக்கும் ஒரு தட்டு வைத்தாள். மகனுக்கு வேலைக்கு மணி அடிக்கிறவரை, போனைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தால் டிவிக்குப் பின்னால் கையை விடுவதில்லை. நேரே சமையலறைக்கு வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மகன் கூப்பிடுகிறவரை காத்திருப்பார். சான்றிதழை நான் இப்போது குளியலறைக்குப் போகிற வழியில் மாட்டியிருக்கிறேன். அங்கே எல்லோரும் நின்று படிக்கிறார்கள்.

போன மழைக்காலத்தில் அண்ணன் போய்விட்டார். வட்டவளையில், தேயிலைக்கு மேலே இருக்கிற மயானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஏறினோம். மழை ஊற்றியது. டயகமவிலிருந்து வந்திருந்த பழைய ஆட்கள் முன்னும் பின்னுமாக வரிசையில் ஏறினார்கள். பாதி வழியில் முன்னால் போன ஒருவர் குடையை மடக்கினார். அவரைப் பார்த்து அடுத்தவர் மடக்கினார். அப்படியே ஒவ்வொன்றாக, கடைசி ஆள்வரை.

இன்றைக்கும் பின்னேரம் போன் அடிக்கும். மகனின் முகம் வந்ததும், சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால், லெட்சுமி என் பக்கம் திரும்பி, "தெரியுதுன்னு மேல சொல்லிட்டு வாங்க" என்பாள். மேலே யாரும் இல்லை என்று அவளுக்கும் தெரியும். நான் படி மேடைவரை ஏறிப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்து உட்காருகிறேன்.